பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 10க்கான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. அதற்குச் சில மாதம் முன்பிருந்தே எங்கள் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினிப் பைகள் சேர ஆரம்பித்துவிட்டன. கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் விண்டோஸ் 11 அதை ஏற்க மறுக்கிறது என்பதே வந்தவர்களின் பொதுவான புகார். வருகிறவர்களுக்கெல்லாம் லினக்ஸ் மின்ட்டைக் காட்டுவேன். காட்டி முடித்ததும் அதே கேள்விகள் வரும். சொன்னதையே சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைத்தேன்.

1. லினக்ஸ், உபுண்டு, மின்ட் என்று மூன்று பெயர் சொல்கிறீர்கள். நான் போடப்போவது எதை?

மின்ட்டை. லினக்ஸ் என்பது உள்ளே இருக்கும் கருவின் பெயர். 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்டது. அந்தக் கருவோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டி, நிறுவத் தயாராகத் தருகிற தொகுப்புகள் பல உண்டு. டெபியன் அவற்றில் மூத்த ஒன்று. டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2004ல் உபுண்டு வந்தது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு 2006ல் கிளெமென்ட் லெஃபெவ்ர் தொடங்கியது மின்ட். மூன்றுமே இலவசம்.

புதியவர்களுக்கு ஏற்ற வேறு தொகுப்புகளும் இருக்கின்றன. நான் மின்ட்டில் நிற்பதற்குக் காரணம் ஒன்றுதான். மெனு இடது கீழ் மூலையில், கடிகாரம் வலது கீழ் மூலையில். விண்டோஸ் 7 பழகிய என் பெரியப்பா யாரையும் கேட்காமல் கணினியை அணைத்துவிட்டார்.

2. 2014ல் வாங்கியது, 4 ஜிபி ராம். தாங்குமா?

தாங்கும். மின்ட் கேட்கும் குறைந்தபட்சம் 2 ஜிபி ராம், 20 ஜிபி வட்டு இடம். வசதியாக இருக்க 4 ஜிபி ராமும் 100 ஜிபி இடமும் வேண்டும் என்கிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இங்கே தேவையில்லை. செயலி மட்டும் 64 பிட்டாக இருக்க வேண்டும். உபுண்டு வழி வரும் மின்ட், 2020ல் வெளியான 20ஆம் பதிப்பிலிருந்து 32 பிட்டைக் கைவிட்டுவிட்டது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இயங்குதளத்தை மாற்றினால் உலாவி இளைத்துவிடாது. இருபது தாவல்களைத் திறந்துவைத்தால் 4 ஜிபி எங்கேயும் மூச்சுவாங்கத்தான் செய்யும். இன்னும் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறதென்றால் முதல் செலவை, சுழலும் பாகமே இல்லாத வேகமான வட்டான எஸ்எஸ்டியில் செய்யுங்கள். நான் பார்த்தவரை அந்த மாற்றம் தரும் வேகத்தை வேறெதுவும் தருவதில்லை.

அரசின் இலவச மடிக்கணினியை வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். 2011ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த பல கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவானது. ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் இடம் வேண்டுமென்று அதை அழித்தவர்களில் பாதிப் பேர்தான் இப்போது என்னிடம் லினக்ஸ் கேட்டு வருகிறார்கள்!

3. சினமன், எக்ஸ்எஃப்சிஇ, மேட். எதை இறக்குவது?

சினமன். ராம் 4 ஜிபிக்குக் குறைவென்றால் எக்ஸ்எஃப்சிஇ. இதற்கு மேல் யோசிக்க வேண்டாம். உள்ளே இருப்பது ஒரே மின்ட்தான், முகம்தான் வேறு.

4. தம்பி ஒரு பென்டிரைவில் மின்ட் வைத்திருக்கிறான். அதையே போட்டால் என்ன?

எந்தப் பதிப்பு, எங்கிருந்து இறக்கியது என்று அவனுக்குத் தெரிந்தால் போடலாம். பெரும்பாலும் தெரியாது. 2024 ஜூலையில் வந்த 22ஆம் பதிப்பும் அதன் தொடர்ச்சியாக 22.1, 22.2 என்று வருபவையும் 2029 வரை அப்டேட் பெறும். அதற்கும் பழையதை இன்று புதிதாக நிறுவுவதில் பொருளில்லை.

மின்ட்டின் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்தே இறக்குங்கள். இறக்கியதும் கோப்பின் ஷா256 எண்ணை, அதாவது கோப்பின் கைரேகை போன்ற நீண்ட எண்ணை, தளத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேண்டாத வேலை என்று தோன்றும். 2016 பிப்ரவரி 20 அன்று அந்தத் தளத்துக்குள்ளேயே ஊடுருவியவர்கள், 17.3 சினமன் பதிப்பின் இணைப்பை மாற்றி, கள்ளவாசல் வைத்த கோப்பை இறக்க வைத்தார்கள். விரைவிலேயே கண்டுபிடித்து மின்ட் குழு வெளிப்படையாக அறிவித்துவிட்டது. இப்படி மாற்றப்பட்ட கோப்பு, எண்ணை ஒப்பிட்டுப் பார்த்தால் பிடிபட வாய்ப்பு உண்டு.

5. தளத்திலிருந்து இறக்கிய மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பைப் பென்டிரைவில் காப்பி செய்தேன். கணினி அதைக் கண்டுகொள்ளவே இல்லையே?

காப்பி செய்தால் அது பென்டிரைவில் கிடக்கும் ஒரு கோப்பு, அவ்வளவுதான். கணினி அதிலிருந்து தொடங்க வேண்டுமானால் ரூஃபஸ் அல்லது எட்சர் போன்ற ஒரு மென்பொருளால் அதை 'எழுத' வேண்டும். பென்டிரைவ் 8 ஜிபி போதும். அதில் ஏற்கெனவே இருப்பது அத்தனையும் போய்விடும்.

எழுதிய பின், கணினியை இயக்கியவுடன் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள், அதாவது இயங்குதளத்துக்கு முன்பே வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவைக்க வேண்டும்.

6. நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்கிறீர்கள். அதில் என்னதான் பார்ப்பது?

பென்டிரைவிலிருந்து தொடங்கினால் மின்ட் பென்டிரைவையும் ராமையும் வைத்தே ஓடும். ஹார்டு டிஸ்க்கை நீங்களாகத் தொடாதவரை அதில் ஓர் எழுத்துகூட மாறாது. அணைத்தால் நீங்கள் செய்தது எல்லாம் மறைந்துவிடும். பலர் ஐந்து நிமிடம் வால்பேப்பரைப் பார்த்துவிட்டு "நன்றாக இருக்கிறது, போட்டுவிடலாம்" என்று முகப்பில் உள்ள 'இன்ஸ்டால்' படவுருவை அழுத்திவிடுகிறார்கள். கல்யாணத்துக்கு முன் பெண்ணோடு ஒரு வார்த்தை பேசாத மாப்பிள்ளையின் அவசரம் அது.

ஒரு மாலை முழுவதும் ஒதுக்குங்கள். முதலில் வைஃபை. பிறகு ஒரு காணொளியை ஓட்டி ஒலி வருகிறதா என்று கேளுங்கள். ஒருமுறை ஹெட்போனைச் சொருகி, ஒருமுறை கழற்றி. திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசை, டச்பேடில் இரண்டு விரல் உருட்டல், கேமரா, மைக், புளூடூத். கடைசியாக மடிக்கணினியை மூடி, இரண்டு நிமிடம் கழித்துத் திறங்கள். திரை மறுபடி உயிர் பெறுகிறதா? நிறுவிக்கொண்டவர்கள் இரண்டு வாரம் கழித்து என்னைத் தேடி வருவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

வேகத்தை மட்டும் இதில் அளக்காதீர்கள். பென்டிரைவிலிருந்து படிப்பதால் எல்லாம் சற்று மந்தமாகவே இருக்கும். திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் தொடக்கப் பட்டியலில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' என்று ஒரு வரி இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது அடிக்கடி தேவைப்படும்.

7. வைஃபை தெரியவில்லை. டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு டிரைவர் வேண்டும் என்கிறது. என்ன செய்வது?

கைபேசியை யூஎஸ்பி கேபிளால் இணைத்து, கைபேசி அமைப்புகளில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். மின்ட் அதைக் கம்பி இணைப்பாக எடுத்துக்கொள்ளும். பிறகு மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' போய்ப் பரிந்துரைக்கப்பட்டதை நிறுவலாம். பிராட்காம் சில்லு உள்ள பழைய மடிக்கணினிகளில் இதுதான் வழக்கமான கதை.

8. நான் தமிழ்99 விசைப்பலகை முறை பழகியவன். மின்ட்டில் தமிழ் அடிக்க முடியுமா?

முடியும். ஆனால் இரண்டு வழிகள் இருக்கின்றன. எல்லோரும் முதலில் தவறான வழியில்தான் போகிறார்கள். அமைப்புகளில் 'கீபோர்டு' பகுதியில் தமிழ்நெட்99 என்ற தளக்கோலம் கண்ணில் படும். சேர்த்தால் தமிழ் வரும். ஆனால் 'அம்மா' என்று அடித்துப் பாருங்கள். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டலில் முடிய வேண்டிய சொல்லில் புள்ளி தானாக விழாது. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்பதுதான் அந்த வழிக்குத் தெரியும். முன்னால் என்ன அடித்தீர்கள் என்று அது திரும்பிப் பார்ப்பதில்லை.

சரியான வழி 'இன்புட் மெத்தட்'. மெனுவில் அந்தப் பெயரில் தேடித் திறங்கள். ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியும் அதற்கான எம்17என் தொகுப்பும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைந்து, ஐபஸ் அமைப்பில் 'தமிழ்99' சேர்த்துவிட்டால் போதும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் தட்டினால் மொழி மாறும். ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு முறை பழகியவர்களுக்கும் அதே பட்டியலில் இடம் உண்டு.

மெனுக்களையே தமிழில் வைத்துக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம். மொழிபெயர்ப்பு பாதியில் நிற்பதால் ஒரு வரி தமிழும் ஒரு வரி ஆங்கிலமுமாக வரும். எனக்கு அது கண்ணில் உறுத்தும்.

9. டிடிபி கடையில் அடித்து வாங்கிய கோப்பைத் திறந்தால் கிறுக்கலாக இருக்கிறது. லினக்ஸுக்குத் தமிழ் தெரியாதா?

கோப்புக்குத்தான் தமிழ் தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்துவைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். விண்டோஸிலும் அப்படியேதான், உங்கள் பழைய கணினியில் அந்த எழுத்துரு இருந்தது, இதில் இல்லை.

எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து 'இன்ஸ்டால்' கொடுத்தால் லிப்ரே ஆஃபிஸில் சரியாகத் தெரியும். தொடர்ந்து திருத்தவேண்டிய ஆவணமென்றால் ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள்.

10. டேலி, ஃபோட்டோஷாப், எம்எஸ் ஆஃபிஸ், ஜிஎஸ்டி கையெழுத்து டோக்கன். இவை?

முதல் மூன்றும் லினக்ஸுக்கு வெளியாவதில்லை. ஒயின் என்ற இடைமென்பொருள் விண்டோஸ் நிரல்கள் சிலவற்றை ஓட்டும். விளையாட்டுக்கு ஓட்டிப் பாருங்கள். பிழைப்பை அதன்மேல் வைக்காதீர்கள். எம்எஸ் ஆஃபிஸின் இணையப் பதிப்பு உலாவியில் ஓடும். வீட்டுக் கணக்கு, கடிதம், பயோடேட்டா அளவுக்கு லிப்ரே ஆஃபிஸ் தாராளம். ஆனால் அலுவலகத்திலிருந்து வரும் மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்பு இடறும்.

டோக்கனுக்கு அதன் டிரைவரும், உலாவியோடு பேசும் ஒரு சிறு மென்பொருளும் வேண்டும். இரண்டுக்கும் லினக்ஸ் வடிவம் உண்டா என்று டோக்கன் விற்றவரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு தொடங்குங்கள். கணக்கு எழுதித் தொழில் செய்பவர் யாராவது மின்ட் கேட்டு வந்தால், விண்டோஸை எடுக்காதீர்கள் என்று நானே தடுத்துவிடுவேன். அவர்களுக்கானது கேள்வி 13.

11. பிரிண்டர் வேலை செய்யுமா?

அண்மை ஆண்டுகளின் வைஃபை பிரிண்டர்கள் பெரும்பாலும் இணைத்தவுடன் தாமாக வந்து நிற்கும். எச்பி பிரிண்டர்களுக்கான மென்பொருள் மின்ட்டிலேயே இருக்கிறது. லேசர்ஜெட் 1020 போன்ற சில மாடல்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு செருகுநிரலை இறக்க வேண்டும். தெருவுக்குத் தெரு ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும் கேனன் எல்பிபி 2900தான் சிக்கல். கேப்ட் என்ற தனி வழியில் பேசும் பிரிண்டர் அது. லினக்ஸில் ஓட வைத்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் நாளே தொடும் வேலையில்லை.

12. 'எரேஸ் டிஸ்க்' கொடுத்தால் சி டிரைவ் மட்டும்தானே அழியும்? படங்கள் எல்லாம் டி டிரைவில் இருக்கின்றன.

இல்லை! இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். சி, டி என்பவை ஒரே வட்டில் விண்டோஸ் போட்டுக்கொண்ட தடுப்புகள். 'எரேஸ் டிஸ்க்' என்பது வட்டு முழுவதையும் அழிக்கும். உறவுக்காரர் ஒருவர், சி டிரைவில் ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் அதை அழுத்தினார். தங்கையின் கல்யாணப் படங்கள், குழந்தையின் முதல் மூன்று வருடம், எல்லாம் டி டிரைவில் இருந்தன. மீட்பு மென்பொருளை இரவு முழுவதும் ஓட்டியதில் பெயரில்லாத சில நூறு படங்கள் கிடைத்தன. பாதி பாதியாக வெட்டுப்பட்டவை பல.

மின்ட்டில் சி, டி என்ற பெயர்களே கிடையாது. எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று வரிசையாகத் தெரியும். பயத்தில் கை நடுங்கும்போது எது எதுவென்று பிடிபடாது. நான் சொல்லும் வழி இது: விண்டோஸில் இருக்கும்போதே 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' திறந்து ஒவ்வொரு பார்ட்டிஷனின் அளவையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மாறும், அளவு மாறாது. அதற்கும் முன்னால், வேண்டிய கோப்புகளை வெளி வட்டில் படியெடுத்து, அந்த வட்டைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.

13. விண்டோஸும் இருக்கட்டும், மின்ட்டும் இருக்கட்டும். எப்படி?

கேள்வி 12ல் சொன்ன படியெடுப்பை முடித்துவிட்டு வாருங்கள். பிறகு மூன்று வேலைகள் விண்டோஸுக்குள். ஒன்று, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டில் ஒரு பார்ட்டிஷனைச் சுருக்கி, 60 ஜிபியாவது வெற்றிடம் விடுங்கள். இரண்டு, பவர் அமைப்புகளில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்பதை நிறுத்துங்கள். அது இருக்கும்வரை விண்டோஸை அணைத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் உள்ள பார்ட்டிஷனை மின்ட் படிக்கும், எழுத விடாது.

மூன்றாவது, வட்டில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். புதிய மடிக்கணினிகளில் நீங்கள் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். சுருக்குவதற்கு முன் அதை நிறுத்திவிடுங்கள். 48 இலக்க மீட்பு எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பில் கைவைத்ததும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்டு நிற்கலாம். எண் இல்லையென்றால் கோப்புகளும் இல்லை.

14. நிறுவும்போது ஹார்டு டிஸ்க்கே பட்டியலில் இல்லை. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. பயாஸில், கணினி வட்டோடு பேசும் முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும். ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றிவிட்டு விண்டோஸைத் தொடங்கினால் அது பிழைத்திரை காட்டி விழும். முதலில் விண்டோஸை 'சேஃப் மோட்'டில் தொடங்கும்படி அமைத்து, மறுதொடக்கத்தின்போது பயாஸில் மாற்றி, சேஃப் மோட்டில் ஒருமுறை உள்ளே போய் வந்தால் சரியாகிவிடும். விண்டோஸ் வேண்டாம் என்பவர்களுக்கு இந்தச் சுற்று இல்லை.

15. நிறுவி முடித்து மறுதொடக்கம் செய்தால் நீலத் திரையில் ஏதோ 'மாக்' என்று வருகிறது. வைரஸா?

இல்லை. அங்கீகாரமில்லாத மென்பொருள் தொடக்கத்திலேயே ஏறாமல் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில் வருவது. மாக் என்பது கணினி உரிமையாளரின் சாவி என்பதன் ஆங்கிலச் சுருக்கம். நிறுவும்போது மல்டிமீடியா கோடெக் வேண்டும் என்று குறியிட்டபோது ஒரு பாஸ்வேர்டு கேட்டதல்லவா? அதை இப்போது சரிபார்க்கிறது. 'என்ரோல் மாக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, அதே பாஸ்வேர்டைக் கொடுங்கள். பத்து நொடிக்குள் ஒரு விசையைத் தொடாவிட்டால் திரை தானாகப் போய்விடும். பயந்து கையை எடுத்தவர்களுக்குப் பிறகு சில டிரைவர்கள் ஏறாது.

16. மின்ட்டில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது.

அந்த ஐந்தரையே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. தாய்ப்பலகையில் உள்ள கடிகாரத்தில் மின்ட் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. மின்ட்டின் டெர்மினலில் 'டைம்டேட்சிடிஎல்' கட்டளையின் 'செட் லோக்கல் ஆர்டிசி' தேர்வை 1 என்று வைத்தால் தீர்ந்தது.

17. மின்ட்டில் டைம்ஷிஃப்ட் இருக்கிறதே, தனியாக பேக்கப் எதற்கு?

டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை. ஏதோ அப்டேட் கோளாறு செய்தால் நேற்றைய நிலைக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் படங்களையும் ஆவணங்களையும் அது இயல்பாகத் தொடுவதில்லை. வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள். அதே வட்டில்தான் பிரதியையும் வைக்கிறது என்றால் வட்டு போனால் அதுவும் போகும். கேள்வி 12ல் கழற்றி வைக்கச் சொன்ன வெளி வட்டு இதற்குப் பிறகும் தேவை.

18. பிடிக்கவில்லை. விண்டோஸிலிருந்து மின்ட் பார்ட்டிஷனை அழித்தேன். இப்போது 'கிரப் ரெஸ்க்யூ' என்று கறுப்புத் திரை. விண்டோஸும் போய்விட்டதா?

விண்டோஸ் அங்கேயேதான் இருக்கிறது. கணினி தொடங்கியதும் 'எதைத் திறக்கட்டும்' என்று கேட்டுக்கொண்டிருந்த கிரப், தன் கோப்புகளை நீங்கள் அழித்த பார்ட்டிஷனில் வைத்திருந்தது. அதைத் தேடி நிற்கிறது.

கேள்வி 5ல் சொன்ன பூட் மெனு விசையைத் தட்டுங்கள். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் திறக்கும். பிறகு பயாஸில் அதையே வரிசையில் முதலாவதாக வைத்துவிடுங்கள். அங்கே மின்ட் என்ற பெயரைத் தேடாதீர்கள். அது 'உபுண்டு' என்ற பெயரில் இருக்கும், கேள்வி 1ல் சொன்ன வம்சாவளிதான் காரணம். பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ இல்லாத மிகப் பழைய கணினியானால் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவிலிருந்து தொடங்கி 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' பகுதிக்குப் போக வேண்டும். அந்தப் பென்டிரைவ் இல்லையென்றால், கணினியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். சார்ஜரை மறக்காமல்.